மூன்று ஊசி, பதினோரு மாதம்: கல்லூரி வயதில் ஹெச்பிவி தடுப்பூசியை எது போட வைக்கிறது?

அவள் வந்தது கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் ஹெச்பிவி தடுப்பூசிக்காக இல்லை. விடுதிப் படிக்கட்டில் துருத்திக்கொண்டிருந்த துருப்பிடித்த கம்பி காலைக் கிழித்துவிட்டது, டெட்டனஸ் ஊசி போட வேண்டும் என்று வந்தாள். வயது 20, இரண்டாம் ஆண்டு. நான் கல்லூரி வளாக மருத்துவ மையத்தில் நர்ஸ். காயத்தைக் கழுவிக்கொண்டே கடைசியாக டெட்டனஸ் எப்போது போட்டாய் என்று கேட்டேன், தெரியாது என்றாள். வேறு என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறாய்? அதுவும் தெரியாது. "அம்மாவுக்குத்தான் தெரியும் சிஸ்டர்" என்று அங்கேயே அம்மாவை போனில் பிடித்தாள்.

அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஹெச்பிவி என்று நான் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஸ்கூல்ல படிக்கும்போது ஒரு படிவம் வந்துச்சும்மா, சின்னப் பொண்ணுதானே, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்" என்றார்.

அந்த "அப்புறம்" என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த டெட்டனஸ் ஊசியிலிருந்து அவள் மூன்றாவது ஹெச்பிவி ஊசி போட்டு முடித்த நாள் வரை பதினோரு மாதம் ஆனது. அவளுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

கல்லூரி மாணவர்கள் ஏன் இந்த ஊசியைப் போடுவதில்லை என்று கேட்டால் "விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. சிறு வயதில் தடுப்பூசி பெற்றோர் வேலை, அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதும் தேதி பார்த்துக் கூட்டிப் போவதும் அவர்கள்தான். பதினெட்டு தாண்டியதும் முடிவு பிள்ளையுடையது என்று சட்டம் சொல்லிவிடுகிறது, ஆனால் அந்த அட்டையை யாரும் பிள்ளையின் கையில் கொடுத்து "இனி இது உன் வேலை" என்று சொல்வதில்லை. அம்மா தன் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார், மகளுக்கோ தனக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. நான் பார்த்தவரை இந்த வயதில் ஊசி போகாமல் இருப்பதற்கு மறுப்பைவிட இதுதான் பெரிய காரணம்.

வைரஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெச்பிவி, அதாவது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், 200க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட குடும்பம், பெரும்பாலானவை பெரிய தொல்லை தராதவை. ஆனால் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். 6, 11 ஆகிய வகைகளால் புற்றுநோய் வராது, ஆனால் பிறப்புறுப்பில் வரும் மருக்களில் சுமார் 90 சதவீதம் அவற்றால்தான். உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த வைரஸ் தொற்றும், பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடலே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் போன சிலரிடம் அது தங்கி, மெல்ல மெல்ல செல்களை மாற்றி, 15 அல்லது 20 வருடம் கழித்துப் புற்றுநோயாகிறது. 2022இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 6,60,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். ஹெச்பிவிக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததற்காக ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி அதற்கு முன்பே, 2006இலேயே, வந்துவிட்டது.

முதல் நாள், என் தவறு

அன்று அவளுக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டாள், நல்ல கேள்விகள் கேட்டாள். கடைசியில், "எனக்கு இப்போ யாரும் இல்லையே சிஸ்டர், எனக்கு எதுக்கு?" என்றாள்.

இந்த வயதுக்காரர்கள் இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்கள் பார்வையில் இது நியாயமான கேள்விதான், நோய் வரும் வழி தனக்கு இன்னும் திறக்கவில்லை என்றால் பூட்டு எதற்கு? ஆனால் இந்த ஊசி ஏற்கெனவே உள்ள தொற்றைக் குணப்படுத்தாது, புதிதாக வருவதைத் தடுக்க மட்டுமே செய்யும், அதனால் யாரும் இல்லாத காலம்தான் இதற்கு மிகச் சரியான காலம். வெள்ளம் வருமுன் அணை போடுவதுதானே முறை என்றேன். தலையாட்டினாள். விளக்கப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, "சரிம்மா, யோசிச்சுட்டு வா" என்று அனுப்பிவிட்டேன்.

அவள் வரவில்லை. ஏழு வாரம் வரவில்லை. அந்தப் புத்தகம் ஒரு பாட நூலுக்குள் பக்க அடையாளமாக இருந்தது என்று பிறகு சொன்னாள்.

நான் என்ன தவறு செய்தேன் என்பது 1965லேயே ஆராய்ந்து சொல்லப்பட்ட விஷயம், அதுவும் தற்செயலாக டெட்டனஸ் ஊசியை வைத்தே. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தால் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இறுதியாண்டு மாணவர்களிடம் டெட்டனஸ் பற்றிய கையேடுகளைக் கொடுத்தார்கள். சிலருக்குப் பயங்கரமான படங்களோடு, சிலருக்கு மென்மையாக. பயமுறுத்தும் கையேட்டைப் படித்தவர்கள் ஊசி போட வேண்டும் என்று அதிகமாகச் சொன்னார்கள், ஆனால் உண்மையில் போய்ப் போட்டுக்கொண்டதில் பயத்தின் அளவு பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. வித்தியாசம் செய்தது வேறொன்று. சிலருக்கு மட்டும் வளாக வரைபடத்தில் மருத்துவ மையத்தை வட்டமிட்டுக் கொடுத்து, உன் வார அட்டவணையைப் பார், எந்த நாள் எந்த நேரம் அந்தப் பக்கம் போக முடியும் என்று திட்டமிடச் சொன்னார்கள். அவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போய் ஊசி போட்டார்கள், திட்டம் கொடுக்கப்படாதவர்களில் சுமார் 3 சதவீதம்தான். இறுதியாண்டு மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள், மருத்துவ மையம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நான் அவளுக்குக் கொடுத்தது கையேடு. நாளும் நேரமும் கொடுக்கவில்லை. "யோசிச்சுட்டு வா" என்ற வார்த்தை கேட்பதற்கு மரியாதையாக இருக்கிறது, ஆனால் இது அவசரமில்லை என்ற செய்தியையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது.

ஏழு வாரம் கழித்து

இரண்டாவது முறை அவள் வந்தது அறைத்தோழிக்குத் துணையாக. அறைத்தோழிக்கு ஹெச்பிவி முதல் ஊசி, அவளாகவே கேட்டு வந்திருந்தாள். காரணம் அவளுடைய அக்கா. அக்காவுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனையில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருப்பது தெரிந்து, சின்ன சிகிச்சையில் அதை நீக்கியிருந்தார்கள், இப்போது நலமாக இருக்கிறார். அந்த அக்கா தங்கையிடம் சொன்னது ஒரே வாக்கியம்தானாம்: "நான் போடலை, நீ போட்டுடு."

நான் பத்து நிமிடம் பேசி நடக்காதது அந்த ஒரு வாக்கியத்தில் நடந்திருக்கிறது. இருபது வருடம் கழித்து வரலாம் என்கிற நோய், நாளை காலை வரப்போகிற தேர்வோடு போட்டி போட முடியாது. ஆனால் அக்காவுக்கு வந்தது இன்றைய விஷயம், முகமும் பெயரும் உள்ள விஷயம்.

அன்று டாக்டரும் இருந்தார். அறைத்தோழிக்கு ஊசி போட்டு முடித்த கையோடு இவளைப் பார்த்து, "உன்னோட பதிவுலயும் இது இல்லையேம்மா. இன்னிக்கே உனக்கும் முதல் ஊசி போட்டுடலாம். ஏதாவது கேக்கணுமா?" என்றார். அவ்வளவுதான். வற்புறுத்தவில்லை, வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்தது, சந்தேகம் கேட்கவும் இடம் இருந்தது. ஆனால் "போடலாமா வேண்டாமா" என்று கேட்கவில்லை, டெட்டனஸ் ஊசியைப் பற்றி எப்படிப் பேசுவோமோ அப்படிப் பேசினார்.

இதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்து 2017இல் வெளியானது. ஒரு பகுதி மருத்துவர்களுக்கு, "இன்று இந்த ஊசி போட வேண்டிய நாள்" என்று இயல்பாக அறிவிக்கும் விதத்தில் பேசப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்கு, நீண்ட உரையாடலாக, கேள்விகளோடு தொடங்கப் பயிற்சி. அறிவிப்பாகச் சொன்ன மருத்துவமனைகளில் 11, 12 வயதுப் பிள்ளைகள் ஊசி தொடங்குவது சுமார் 5 சதவீதப் புள்ளிகள் கூடியது, உரையாடல் பயிற்சி பெற்ற இடங்களில் தெளிவான கூடுதல் தெரியவில்லை. அங்கே முடிவெடுத்தவர்கள் பெற்றோர் என்பதால் அதை அப்படியே இருபது வயதுக்காரருக்குப் பொருத்த மாட்டேன். இருபது வயதில் ஒருவருக்குத் தன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்று தோன்றினால் அந்த ஊசியோடு அவர் நின்றுவிடுவார், இரண்டாவதுக்கு வர மாட்டார். அதனால் தெளிவான பரிந்துரையும் வேண்டும், "ஏதாவது கேட்கணுமா" என்ற இடைவெளியும் வேண்டும். டாக்டர் இரண்டையும் மூன்று வாக்கியத்தில் வைத்தார்.

மயங்கி விழுந்த கதை

அந்த இடைவெளியில் அவள் கேட்ட முதல் கேள்வி இது: "போன வருஷம் ஒரு சீனியர் அக்கா இந்த ஊசி போட்டு மயங்கி விழுந்துட்டாங்களாமே?"

உண்மைதான், விழுந்தார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். காலையில் சாப்பிடாமல் வந்திருந்தார், ஊசியைப் பார்த்தே முகம் வெளுத்தது, போட்டு முடித்ததும் எழுந்தார், சரிந்தார். படுக்கவைத்துக் காலை உயர்த்தியதும் சில நிமிடத்தில் தெளிந்துவிட்டார், அன்று மதியம் வகுப்புக்கும் போனார். ஆனால் விடுதியில் சுற்றிய கதையில் அந்த மதிய வகுப்பு இல்லை.

இளம் வயதினருக்கு எந்த ஊசி போட்டாலும் இப்படி ஆகலாம். பயத்திலும் வலியிலும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது அது, மருந்தின் விஷத்தன்மையால் அல்ல. அதனால்தான் போட்டபின் 15 நிமிடம் உட்காரவைக்கச் சொல்கிறார்கள். இந்த ஊசிக்குள் உயிருள்ள வைரஸும் இல்லை, கொன்ற வைரஸும் இல்லை. வைரஸின் வெளிக்கூட்டைச் செய்யும் ஒரே ஒரு புரதம், அது தானாகவே சேர்ந்து வைரஸ் போன்ற வெற்றுக் கூடாக நிற்கும், உள்ளே மரபணு எதுவும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃப்ரேசரும் சீனாவிலிருந்து வந்த ஜியன் சோவும் 1990களின் தொடக்கத்தில் இந்தக் கூட்டை உருவாக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். தொற்றை உண்டாக்க அதனால் முடியவே முடியாது. இதை அவளுக்குச் சொன்னபோது முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "உள்ளே காலியா சிஸ்டர்?" என்று திரும்பக் கேட்டாள். ஆமாம், காலிக்கூடு. உடம்பு அந்தக் கூட்டின் அடையாளத்தைப் படித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானைச் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரலில் அங்கே ஹெச்பிவி ஊசி தேசிய அட்டவணையில் சேர்ந்தது. ஊசிக்குப் பிறகு உடல் வலி, நடுக்கம் என்று சில சிறுமிகளின் செய்திகள் தொலைக்காட்சியில் தொடர்ந்து வர, அதே ஆண்டு ஜூனில் அரசு தீவிரமாகப் பரிந்துரைப்பதை நிறுத்திக்கொண்டது. தடை செய்யவில்லை, இலவசமாகத்தான் இருந்தது, பரிந்துரை மட்டும் நின்றது. சுமார் 70 சதவீதமாக இருந்த ஊசி அளவு 1 சதவீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரத்தில் சுமார் 30,000 இளம்பெண்களிடம் 24 வகை அறிகுறிகளை ஊசி போட்டவர், போடாதவர் என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஊசிக்கும் அவற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2018இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் அரசு மீண்டும் பரிந்துரைக்க 2022 ஏப்ரல் ஆனது. இடையில் தவறவிட்ட பெண்கள், 1997இலிருந்து பிறந்தவர்கள், அதற்குள் கல்லூரிக்கு வந்துவிட்டார்கள், சிலர் முடித்தே போய்விட்டார்கள். அவர்களுக்கு இலவசமாகப் போட ஒரு கெடு வைத்தார்கள். கெடு நெருங்கிய 2024 கோடையில் கூட்டம் முண்டியடித்து மருந்து தட்டுப்பாடே வந்தது, அதனால் முதல் ஊசியை 2025 மார்ச்சுக்குள் போட்டவர்கள் மீதியை இன்னும் ஒரு வருடத்தில் முடிக்கலாம் என்று நீட்டித்தார்கள். இரண்டு வருடம் இலவசமாகக் கிடைத்தபோது வராதவர்கள் கடைசி சில மாதத்தில் வந்தார்கள்.

அயர்லாந்திலும் இப்படித்தான், 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது பாதியளவுக்கு இறங்கியது. அங்கே அதைத் திருப்பியதில் லாரா பிரென்னன் என்ற இளம்பெண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. இருபதுகளின் நடுவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்து, இனிக் குணமாகாது என்று தெரிந்த பிறகு, தானாக முன்வந்து ஊசிக்காகப் பேசினார். 2019 மார்ச்சில், 26 வயதில் இறந்தார். அவர் பேசியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறைத்தோழியின் அக்கா நினைவுக்கு வருகிறார்.

"வீட்டுக்குத் தெரியுமா?"

கையை மடித்துவிட்ட பிறகு, ஊசி குத்தும் முன், மெல்லிய குரலில் கேட்டாள். அம்மாவிடம் போனில் பேசியதே நான்தான், அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவள் கேட்டது அப்பாவைப் பற்றி. காப்பீடு அப்பா பெயரில் இருந்தது, எதற்குச் செலவானது என்ற விவரம் அவருக்குப் போகும். "இப்போ எதுக்கு இந்த ஊசி, யாராவது இருக்காங்களான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

இது சின்ன விஷயம் இல்லை. கல்லூரி வயதில் நிறையப் பேர் இந்த ஊசியின் கதவு வரை வந்து திரும்புவது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஊசி போட்டுக்கொள்வதே ஒரு வாக்குமூலம் மாதிரி ஆகிவிடுகிறது. ஊசி போட்ட பெண்கள் மற்றவர்களைவிட முன்கூட்டியே உடலுறவைத் தொடங்குவதில்லை என்று பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன, ஆனால் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆய்வைப் பற்றியா பேச முடியும்?

இதற்காகச் சிலர் உடலுறவு என்ற வார்த்தையையே எடுக்காமல் "புற்றுநோய்த் தடுப்பூசி" என்று மட்டும் சொல்கிறார்கள். பெற்றோரிடம் பேசும்போது நானும் அங்கிருந்துதான் தொடங்குவேன், அது முழு உண்மையும்கூட. ஆனால் இருபது வயதுக்காரரிடம் வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதை மறைக்கக் கூடாது. போனில் ஒரு நிமிடம் தேடினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததும் நாம் சொன்ன மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகம் வரும். நான் அவளிடம், பில்லில் என்ன வரும் என்பதை அப்படியே காட்டினேன். பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லி அப்பாகிட்ட சொல்லச் சொல்றேன்" என்றாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லையாம். பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை, ஆனால் அந்தப் பயம் மட்டுமே போதும் ஒருவர் திரும்பிப் போக.

பணமும் இதோடு சேர்ந்ததுதான். எங்கே இலவசமோ அங்கே அது ஒரு குறிப்பிட்ட வயதோடு நிற்கிறது, அந்த வயதைத் தாண்டியவர் ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிக்குத் தன் பணத்தில் கொடுக்க வேண்டும். மாணவரிடம் அந்தப் பணம் இருக்காது, வீட்டில் கேட்க வேண்டும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் செலவு என்ற தடையும் வெட்கம் என்ற தடையும் இந்த வயதில் தனித்தனி இல்லை.

வயது வரம்பு இன்னொரு விதமாகவும் வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2019இலிருந்து ஆண், பெண் இருவருக்கும் 26 வயது வரை விட்டுப்போன ஊசியைப் போடப் பரிந்துரை உண்டு, 27 முதல் 45 வரை டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். 26 என்று கேட்டதும் அறைத்தோழி, "அப்போ இன்னும் ஆறு வருஷம் இருக்கா!" என்றாள். அவள் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டாள், எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஸ்வீடனில் கிட்டத்தட்ட 17 லட்சம் பெண்களின் பதிவுகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது, 17 முதல் 30 வயதுக்குள் போட்டவர்களுக்கு 53 சதவீதம். ஒவ்வொரு வருடத் தாமதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அதே சமயம் 53 சதவீதம் என்பது சின்ன எண்ணும் இல்லை, "இனிமேல் போட்டு என்ன பயன்" என்று கேட்பவர்களிடம் நான் இந்த எண்ணைத்தான் சொல்கிறேன். ஏற்கெனவே உறவில் இருப்பவராக இருந்தாலும் ஊசி தடுக்கும் எல்லா வகைகளும் அவருக்கு ஏற்கெனவே தொற்றியிருப்பது அரிது, தொற்றாத வகைகளிலிருந்து ஊசி காக்கும்.

தேர்வு, விடுமுறை, இன்னொரு தேர்வு

முதல் ஊசி போட்டாயிற்று. கை கொஞ்சம் வலித்தது, மறுநாள் சரியானது. அறைத்தோழிகள் இருவரும் கையில் ஒட்டிய பஞ்சோடு படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார்கள், அடுத்த வாரம் அதே விடுதியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். எந்தச் சுவரொட்டிக்கும் நான்கு பேர் வந்ததில்லை.

15 வயதுக்கு முன் தொடங்கியிருந்தால் இரண்டு ஊசியோடு முடிந்திருக்கும். உலக சுகாதார அமைப்பு 2022 டிசம்பரில், 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு போதும், 21க்கு மேல் இரண்டு என்று சொன்னது, ஆனால் எல்லா இடத்திலும் அட்டவணை அப்படி மாறவில்லை. நாங்கள் பின்பற்றியது பழைய மூன்று ஊசி அட்டவணை: முதல் நாள், இரண்டாவது மாதம், ஆறாவது மாதம். கல்லூரி நாட்காட்டியோடு இதைப் பொருத்திப் பாருங்கள். பருவத் தொடக்கத்தில் முதல் ஊசி என்றால் இரண்டாவது ஊசி இடைத்தேர்வில் வந்து நிற்கும், மூன்றாவது நீண்ட விடுமுறையில்.

அவளுக்கும் அதுவேதான் நடந்தது. இரண்டாவது தேதி தேர்வு வாரத்தில் விழுந்தது, தள்ளிப்போட்டாள், மறந்தாள். ஒரு மாதம் கழித்து நான் அழைத்தபோது குரலில் ஒரே குற்ற உணர்ச்சி. "தேதி போயிடுச்சு சிஸ்டர், திரும்ப முதல்லேர்ந்து போடணுமா? அப்படின்னா வேண்டாம்" என்றாள். வேண்டியதில்லை. இடைவெளி நீண்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டாம், சீக்கிரம் போட்டால்தான் பிரச்சினை, தாமதமானால் இல்லை. இந்த ஒரு தகவலை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஊசி பாதியில் நின்றுபோன எத்தனை பேர் இந்தத் தவறான நம்பிக்கையால் நின்றிருப்பார்கள் என்று யோசித்தால் மனம் கனக்கிறது.

இரண்டாவது ஊசி அந்த வாரமே போட்டோம். இந்த முறை நாற்காலியை விட்டு எழும் முன் மூன்றாவதுக்கு நாளும் நேரமும் குறித்து, அவள் போனில் நினைவூட்டலை அவளையே வைக்கச் சொன்னேன். ஒரு பல்கலைக்கழக ஊழியர்களிடம் ஃப்ளூ ஊசிக்காக இதைச் சோதித்து 2010இல் எழுதியிருக்கிறார்கள்: ஒரு குழுவுக்கு நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி, வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள், மற்ற குழுவிடம் வேண்டுமென்றால் நீங்களே நேரம் வாங்குங்கள் என்றார்கள். ஒதுக்கிய குழுவில் 45 சதவீதம் போட்டார்கள், மற்றதில் 33. யாரையும் பயமுறுத்தவில்லை, யாருக்கும் பாடம் நடத்தவில்லை.

கூட வந்த பையன்

மூன்றாவது ஊசிக்கு அவளோடு வகுப்புத் தோழன் ஒருவன் வந்திருந்தான். காத்திருந்தவனிடம், "தம்பி, நீ போட்டுட்டியா?" என்றேன். "நானா? இது பொண்ணுங்களுக்குத்தானே சிஸ்டர்?" என்றான், உண்மையான ஆச்சரியத்தோடு.

அவனைக் குறை சொல்ல முடியாது. கருப்பைவாய் என்ற சொல்லோடுதான் இந்த ஊசி உலகத்துக்கு அறிமுகமானது, பெரும்பாலான நாடுகள் சிறுமிகளுக்கு மட்டும் என்றுதான் தொடங்கின. ஆனால் டான்சில், நாக்கின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வரும் தொண்டைப் புற்றுநோய், ஆசனவாய்ப் புற்றுநோய், ஆண்குறிப் புற்றுநோய் எல்லாவற்றிலும் இதே வைரஸுக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் ஹெச்பிவியால் வரும் தொண்டைப் புற்றுநோய் எண்ணிக்கையில் கருப்பைவாய்ப் புற்றுநோயையே தாண்டிவிட்டது, அதில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களுக்காவது முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கிறது, தொண்டைக்கு அப்படி வழக்கமான பரிசோதனை கிடையாது. ஆஸ்திரேலியாவில் 2007இல் பெண்களுக்கு ஊசி தொடங்கிய நான்கே வருடத்தில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களிடம் பிறப்புறுப்பு மருக்கள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன, பையன்களுக்கு ஊசியே தொடங்காத அந்தக் காலத்தில் பெண்களோடு உறவு கொள்ளும் அதே வயது ஆண்களிடமும் பெருமளவு குறைந்தன. 2013இல் பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. தொண்டையைப் பற்றி மட்டும் சொன்னேன், மருக்களைப் பற்றியும் சொன்னேன், சொல்லும்போது அவன் தரையைப் பார்த்தான். "இன்னிக்கே போட்டுடலாம்" என்றேன். அவள் பக்கத்திலிருந்து, "போட்டுக்கோடா, ஒண்ணும் ஆகாது" என்றாள். போட்டுக்கொண்டான்.

அவளிடமே கேட்டது

மூன்றாவது ஊசிக்குப் பிறகு அந்த 15 நிமிடக் காத்திருப்பில் அவளிடம் நேரடியாகக் கேட்டேன், எது உன்னைப் போட வைத்தது என்று. நான் கொடுத்த விளக்கம் என்று சொல்வாள் என உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது.

கொஞ்சம் யோசித்து, "அன்னிக்கு அவ போட்டா, டாக்டரும் இருந்தாரு, ஊசியும் அங்கேயே இருந்துச்சு" என்றாள். பிறகு, "நீங்க சொன்னதும் மனசுல இருந்துச்சு சிஸ்டர். இல்லாட்டி அந்த மயக்கக் கதையைக் கேட்டே ஓடியிருப்பேன்" என்றாள்.

இந்தப் பதிலை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். தகவல் அவளை நாற்காலிக்குக் கொண்டுவரவில்லை, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எழுந்து போகாமல் வைத்திருந்தது. கொண்டுவந்தது தோழி, டாக்டரின் மூன்று வாக்கியம், அதே அறையில் தயாராக இருந்த மருந்து. முடித்துவைத்தது ஒரு போன் அழைப்பும் ஒரு நினைவூட்டலும். ஒருவரை வைத்து எல்லோரையும் சொல்லிவிட முடியாதுதான். அம்மாவோடு இப்படிப் பேச முடியாதவர்கள், மருத்துவ மையமே இல்லாத கல்லூரியில் படிப்பவர்கள், ஊசி என்றாலே உடல் நடுங்குபவர்கள், இவர்களுக்கு வழி வேறாக இருக்கும்.

அன்று தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். உடனே அம்மா அழைத்தார், போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "எனக்கு நாற்பத்தாறு ஆகுதும்மா, நான் போட்டுக்கலாமா?" என்றார். உங்கள் வயதில் ஊசியைவிடப் பரிசோதனைதான் அதிகம் உதவும், கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று கேட்டேன். முன்பு போலவே கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஒரு தடவைகூட செஞ்சதில்லை" என்றார். அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லும் முன்பே எந்த நாள், எங்கே என்று கேட்டுவிட்டேன். மகள் பக்கத்தில் நின்று நாட்காட்டியைத் திறந்தாள், ஊசி போட்டவர்களுக்கும் பிற்காலத்தில் பரிசோதனை வேண்டும் என்பதை அவளுக்கும் அப்போதே சொல்லிவைத்தேன்.

இப்போது எங்கள் மையத்தில் காய்ச்சல், காயம், கண் எரிச்சல் என்று எதற்கு வந்தாலும் தடுப்பூசிப் பதிவைப் பார்க்கிறோம், விட்டுப்போனது இருந்தால் அன்றே சொல்கிறோம், அடுத்த தேதியைத் தேர்வு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறிக்கிறோம்.

அந்தப் பையனுக்கு இரண்டாவது ஊசி தேதி தாண்டி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு முறை குறுஞ்செய்தி அனுப்பினேன், பார்த்திருக்கிறான், பதில் இல்லை. திங்கட்கிழமை அவனுக்கு ஆய்வக வகுப்பு எங்கள் கட்டடத்துக்கு எதிரில்தான் என்று அவள் சொன்னாள். திங்கட்கிழமை காலை அவனை அழைத்து, வகுப்பு முடிந்து எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்கப் போகிறேன்.